ஃபுஜி மலைப் பக்கம் நகராத மேகம்: விமானம் குலுங்குமா?

கேள்வி: அடுத்த வாரம் டோக்கியோவிலிருந்து ஊருக்குப் பறக்கிறேன். நேற்று ஃபுஜி மலை அடிவாரத்தில் நின்றபோது, மலைக்குப் பக்கத்தில் தட்டு போல ஒரு மேகம். ஒரு மணி நேரம் அசையவே இல்லை. அந்த மேகம் தெரிந்தால் விமானம் பயங்கரமாகக் குலுங்கும் என்கிறார் நண்பர். டிக்கெட்டை மாற்றிவிடட்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம். ஆனால் நண்பர் சொன்னதில் பாதி சரி.

நீங்கள் பார்த்தது ஜப்பானியர் சுருஷிகுமோ, அதாவது 'தொங்கும் மேகம்' என்று சொல்வது. மேகம்தான் நிற்கிறது, காற்று நிற்கவில்லை. 3,776 மீட்டர் மலையில் மோதும் காற்றில் ஒரு பகுதி மேலே ஏறுகிறது. ஏறினால் குளிரும், சுற்றியுள்ள காற்றைவிடக் கனமாகி, மலையைத் தாண்டியதும் இறங்கும். இறங்குகிற வேகத்தில் பழைய மட்டத்தையும் தாண்டிப்போய், அங்கே சூடாகி, லேசாகி, மறுபடி எழும்பும். ஓடையில் மூழ்கிக் கிடக்கும் கல்லுக்குப் பின்னால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, மேடுபள்ளம் மட்டும் அதே இடத்தில் நிற்குமே, அதே கதைதான். இப்படி ஏறி இறங்கும் காற்றுக்குத்தான் மலையலை என்று பெயர். அலையின் முகட்டில் ஈரம் மேகமாகிறது, இறக்கத்தில் கரைகிறது. ஒரு ஓரம் முளைக்க, மறு ஓரம் கரைய, தட்டு அப்படியே இருக்கிறது.

(வெள்ளி கிரகத்திலும் இப்படி நிற்கும் அலை உண்டு. 2015 டிசம்பரில் ஜப்பானின் அகாட்சுகி விண்கலம் அங்கே சுமார் 10,000 கி.மீ. நீளத்தில், வில் வடிவ அலை ஒன்றைக் கண்டது. மேகங்கள் நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் ஓட, வில் மட்டும் ஒரு மேட்டுநிலத்தின் மேல் நின்றது.)

சரி, குலுக்கல்? வழவழப்பான தட்டு மேகத்தில் காற்று பெரும்பாலும் சீராகவே ஓடும். கிளைடர் (இன்ஜின் இல்லாத விமானம்) ஓட்டுபவர்கள் இந்த அலைகளைத் தேடிப் போவார்கள். 2018-இல் பெர்லான் 2 என்ற கிளைடர் ஆண்டீஸ் மலையலையில் ஏறி 23 கி.மீ. உயரம் தொட்டது. ஆபத்து வேறு இரண்டு இடங்களில்: முகட்டுக்குக் கீழே சுருளும் காற்றில், அப்புறம் மேலே, காற்று மெலிய மெலிய அலை பெரிதாகிக் கடலலை போல உடையும் இடத்தில்.

காற்று வறண்டிருந்தால் அலை இருக்கும், மேகம் இருக்காது. 1966 மார்ச் 5 அன்று ஃபுஜி அருகே வானம் தெளிவாகத்தான் இருந்தது. அன்று அங்கே ஒரு போயிங் 707 கடும் கொந்தளிப்பில் சிக்கி உடைந்தது. 124 பேரும் இறந்தனர். இன்று கடுமையான மலையலைக்கென்றே விமானிகளுக்கு எச்சரிக்கை அறிவிப்பு வருகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பெல்ட் விளக்கு அணைந்தாலும், வெளியே பளிச்சென்று வெயிலடித்தாலும், உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட்டைப் போட்டே வைத்திருங்கள்.