மப்பெட்டுகள் திரும்பி வந்த படம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 2011-இல் வெளிவந்த மப்பெட் திரைப்படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். முன்பு வாய்விட்டுச் சிரித்த இடங்களில் இம்முறை கண் கலங்கியது. என் வயதுதான் காரணமா?

பதில்: வயதும் காரணமாக இருக்கலாம், ஆனால் அந்தத் துயரம் படத்திலேயே இருக்கிறது. மப்பெட்டுகள் எனப்படும் இந்தத் துணிப் பொம்மைப் பாத்திரங்களை உருவாக்கிய ஜிம் ஹென்சன் 1990-இல் மறைந்தார். 1999-க்குப் பிறகு மப்பெட்டுகளின் படம் எதுவும் திரையரங்குக்கு வரவில்லை. 2004-இல் டிஸ்னி நிறுவனம் அவற்றை வாங்கிய பின்னும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. பழைய புகழை மீட்க வருகிறவர்கள் பெரும்பாலும் இத்தகைய இடைவெளியை மூடி மறைத்துவிடுவார்கள். ஜேசன் சீகலும் நிக்கலஸ் ஸ்டோலரும் எழுதி, ஜேம்ஸ் பாபின் இயக்கிய இந்தப் படமோ, உலகம் தங்களை மறந்துவிட்டது என்பதையே மப்பெட்டுகளின் கதையாக்கிக்கொண்டது.

கெர்மிட் தவளை தன் மாளிகையில் தனியே வாழ்கிறது. ஃபோஸி கரடி ரீனோ நகரில் ஒரு போலிக் குழுவோடு மேடையேறுகிறது. மிஸ் பிக்கி பாரிஸில் ஃபேஷன் இதழ் ஒன்றில் வேலை பார்க்கிறாள். சுவரில் மாட்டிய நண்பர்களின் ஓவியங்களைப் பார்த்தபடி கெர்மிட் பாடிக்கொண்டே நடக்க, அந்த ஓவியங்கள் உயிர்பெற்று உடன் பாடும் காட்சிதான் படத்தின் உச்சம் என்பேன். நகைச்சுவைக் குழு ஒன்று தன் பிரிவை இவ்வளவு நேர்மையாகப் பேசியதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கேள்வி: வெறும் துணிப் பொம்மையின் முகத்தில் அத்தனை வருத்தம் எப்படி வருகிறது?

பதில்: முழுவதும் கைத்திறன்தான். 1955-இல் ஹென்சன் முதல் கெர்மிட்டைத் தம் தாயாரின் பழைய கோட்டுத் துணியிலிருந்து தைத்து, இரண்டாக வெட்டிய பிங்பாங் பந்தைக் கண்களாக வைத்தார். அந்தக் கண்கள் அசைவதில்லை, இமைப்பதுமில்லை; ஆனால் முகம் மென்மையான துணி என்பதால், உள்ளே இருக்கும் விரல்கள் சற்று மடங்கினாலே வாய் சுருங்கி, மனம் நொந்த பாவனை வந்துவிடுகிறது. பொம்மையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கும் கலைஞர், கீழே உள்ள திரையில் கேமராவின் பார்வையைக் கவனித்தவாறே நடிக்கிறார். இந்தப் படத்தில் கெர்மிட்டை இயக்கியவர், ஹென்சனின் மறைவுக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற ஸ்டீவ் விட்மயர். அடுத்த முறை பார்க்கும்போது, கெர்மிட் பேசாமல் பிறர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரங்களில் அதன் முகத்தைக் கவனியுங்கள்.

கேள்வி: மிஸ் பிக்கிக்கும் ஃபோஸிக்கும் உயிர் கொடுத்த ஃபிராங்க் ஓஸ், பாத்திரங்களுக்கு உரிய மரியாதை தரப்படவில்லை என்று இப்படத்தைக் குறை கூறினாரே?

பதில்: முழுவதுமாக ஏற்க மாட்டேன், புறந்தள்ளவும் மாட்டேன். சீகலும் ஏமி ஆடம்ஸும் நடித்த காதல் கதைக்கும், புதிய பாத்திரமான வால்டரின் தேடலுக்கும் நேரம் ஒதுக்கியதால், பழைய பாத்திரங்கள் பலவும் ஓரிரு வசனங்களோடு ஓரத்தில் நின்றுவிடுகின்றன. மறுபார்வையில் இந்தக் குறை எனக்கு இன்னும் கூடுதலாகவே உறுத்துகிறது. எனினும் வால்டரைப் பழிக்க மனம் வரவில்லை. தொலைக்காட்சியில் மப்பெட்டுகளைப் பார்த்து வளர்ந்த ஒருவரின் ஏக்கத்தை வால்டர்தான் சுமக்கிறான். அவன் இல்லாவிட்டால் மற்றவர்களை ஒன்றுசேர்க்கக் கதையில் ஆளில்லை.

கேள்வி: ஆஸ்கர் பெற்ற பாடல் அதற்குத் தகுதியானதுதானா?

பதில்: ஐயமில்லை. பிரெட் மெக்கென்ஸி எழுதிய அப்பாடலோடு அவ்வாண்டு போட்டியிட்டது ஒரே ஒரு பாடல் என்பது அதன் தகுதியைக் குறைத்துவிடாது. தான் மனிதனா, மப்பெட்டா என்று சீகலின் பாத்திரமும் வால்டரும் தனித்தனியே கேட்டுக்கொள்ளும் கேள்வியில் வேடிக்கையும் தவிப்பும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன.

கேள்வி: பழைய மப்பெட்டுகளை அறியாத பிள்ளைகளுக்கு எதை முதலில் காட்டலாம்?

பதில்: 1979-இல் வெளிவந்த முதல் படத்தைக் காட்டுங்கள். அதன் தொடக்கத்தில் சதுப்பு நிலத்தில் அமர்ந்து பாஞ்சோ மீட்டியபடி கெர்மிட் தனியாகப் பாடும் வானவில் பாடலைத்தான், 2011 படத்தில் மப்பெட்டுகளின் பழைய அரங்கை மீட்க நிதி திரட்டும் நிகழ்ச்சியில் கெர்மிட்டும் மிஸ் பிக்கியும் சேர்ந்து பாடுகிறார்கள். முன்னதைக் கேட்டிராத பிள்ளைக்கு இந்த இடம் இன்னொரு இனிய பாடலாகவே கடந்து போய்விடும். 2014-இல் வந்த அடுத்த படத்தை அவசரமின்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.