லீவர் துவக்கில் பழைய பாணிக்கும் புதிய பாணிக்கும் என்ன வித்தியாசம்?

லீவரைக் கீழே தள்ளி இழுத்து ரவை ஏற்றும் முறை இரண்டிலும் ஒன்றுதான். பழையதில் வால்நட் மரப்பிடி, நீலமேற்றிய உருக்கு, திறந்த குறிகாட்டி. எண்ணெய் காய்ந்தால் அந்த உருக்கு துருப்பிடிக்கும். கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் இன்னும் கெதியாக. புதியதில் துருப்பிடிக்காத உருக்கு, செயற்கைப் பிடி, தொலைநோக்கி பூட்டும் தண்டு.

தொலைநோக்கி வேண்டுமென்றால் கவனம். வின்செஸ்ரர் 1894 என்ற துவக்கு பழைய அமைப்பில் வெற்றுக்கோதை மேலே எறியும், நேர்மேலே பூட்டினால் கோது இடிக்கும். 1948இல் வந்த மார்லின் 336 பக்கவாட்டில் எறிவதால் அந்தச் சிக்கல் இல்லை. தோற்றத்தைவிட இதையே முதலில் பார்க்கவேண்டும்.

குழாய் மகசின் (ரவைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய்) என்றால் வழமையான கூர்முனைச் சன்னம் எந்தப் பாணியிலும் ஆகாது. ரவைகள் வரிசையாக நிற்பதால் பின்னதன் கூர் முன்னதன் பிறைமரில் (ரவையின் அடியில் அடிபட்டால் தீப்பற்றும் பகுதி) குத்தி, மகசினுக்குள்ளேயே வெடிக்கலாம். தட்டைமுனையே போடவேண்டும்.