சிட்னியில றூம் தேடுற தங்கச்சிக்கு

தங்கச்சி, களுவாஞ்சிக்குடியில இருந்து பெப்ரவரியில மாஸ்டர்ஸ் படிக்க சிட்னி வாறன், கெம்பஸ் கென்சிங்டன் பக்கம், கடலுக்குக் கிட்டவா மலிவா ஒரு றூம் எடுக்கலாமா, ஒரு ஆள் வட்ஸ்அப்ல போட்டோ அனுப்பி பொண்ட் காசை, அதான் றூமுக்குப் பிணையா முன்னுக்குக் கட்டுற காசை, இப்பவே போடட்டாம், போடவா எண்டு கேட்டிருந்தீங்க. கடைசிக் கேள்விக்கு முதல்ல சொல்றன். போடாதீங்க. கண்ணால பாக்காத றூமுக்கு ஒரு டொலரும் போடாதீங்க. வந்து ரெண்டு கிழமைக்குத் தெரிஞ்ச ஆக்கள்ட வீட்டுலயோ ஹொஸ்டல்லயோ நிண்டு, நேர போய், தண்ணிக் குழாயத் திறந்து, ஜன்னல் பூட்டுதா எண்டு பாத்துட்டு மறுகா காசக் குடுங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றன் எண்டா எனக்கு நடந்தது. நான் 2011ல ஆரையம்பதியில இருந்து வந்தன். வந்து நாலாம் நாள், வீட்டை வாடகைக்கு எடுத்து வச்சிருந்த ஒரு ஆள்ட பொண்ட் எண்டு 800 டொலர் கையில குடுத்தன், ரிசீட்டும் கேக்கல்ல. நம்மட ஊருல வீடு எடுக்கக்குள்ள அட்வான்ஸ கையில குடுத்துட்டு, அவங்க தாற தேத்தண்ணியக் குடிச்சுட்டு வாறதுதானே, அந்தப் பழக்கம். அந்த றூம்ல கதவுக்குப் பக்கத்துல காப்பட்ல உள்ளங்கை அளவுக்கு ஒரு மஞ்சள் கறை இருந்த. எனக்கு முந்தி இருந்த ஆரோ கறி கொட்டின கறை. நான் முதல் நாளே பாத்தன், பாத்துட்டு அதுக்கு மேல சூட்கேஸ வச்சிட்டன். எட்டு மாசத்தால வெளிக்கிடக்குள்ள அந்த ஆள் அதே கறையக் காட்டி, காப்பட் மாத்தணும், காசு தரேலா எண்டுட்டார். என்ட கையில ஒரு போட்டோ இல்ல, ஒரு துண்டுக் கடதாசி இல்ல. அந்தச் சல்லிய ஊருக்கு அனுப்பி அம்மாட கிணத்துக்கு மோட்டர் பூட்டலாம் எண்டு நினைச்சிருந்தன். அந்த வருசமும் அம்மா வாளியாலதான் அள்ளினா.

அதுக்குப் பிறகுதான் சட்டத்தத் தேடிப் படிச்சன். இஞ்ச வாடகை மாசக் கணக்கு இல்ல, கிழமைக் கணக்கு. பொண்ட் எண்டு நாலு கிழமை வாடகைக்கு மேல கேக்கேலா, முன்கூட்டின வாடகையா ரெண்டு கிழமைக்கு மேல தரச்சொல்லி வற்புறுத்தவும் ஏலா. ஏஜென்ட் ஊடாவோ வீட்டுக்காரரிட்ட நேரடியாவோ எடுத்தா பொண்ட் காசு அவங்கட பொக்கெட்டுக்குப் போறதில்ல, நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கத்துட்டப் போய் நிக்கும், ரென்டல் பொண்ட்ஸ் ஒன்லைன் எண்டு இருக்கு, நீங்களே அதுல நேர கட்டலாம், வெளிக்கிடக்குள்ள திருப்பிக் கேக்கிறதும் அதுலதான். வீட்டுட நிலைமைய எழுதின கண்டிஷன் ரிப்போர்ட் ஒண்டு தருவாங்க. ஏழு நாளுக்குள்ள அதுல நீங்க கண்டதையும் எழுதித் திருப்பிக் குடுக்கணும். சும்மா கையெழுத்து வச்சிக் குடுக்காதீங்க, கேட்டன் ஸ்கிரீனுக்குப் பின்னால பூஞ்சணம் இருந்தா அதையும் எழுதுங்க. நான் இப்ப எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பெட்டிய அவிழ்க்க முந்தி போன்ல வீடியோ எடுத்து, அதை எனக்கே ஈமெயில்ல அனுப்பி வச்சிடுவன், திகதி விழுந்து கிடக்கும்.

ஆனா உங்களுக்கு முழு வீடு சரிவராது, ஒரு வீட்டுல ஒரு றூம்தான் எடுப்பீங்க, அங்கதான் கனபேர் மாட்டுறது. வீட்டை எடுத்தவரோட அதே வீட்டுல இருந்துகொண்டு அவருக்கு வாடகை குடுக்கிறீங்க எண்டா, உங்கட பேர் மெயின் ஒப்பந்தத்துல இல்லாட்டி, அவரோட எழுத்துல ஒரு ஒப்பந்தம் இருந்தாத்தான் வாடகைச் சட்டம் உங்களப் பாதுகாக்கும். வாயால பேசினது நிக்காது. தமிழ் ஆக்கள்தானே, ஊர் ஆக்கள்தானே எண்டு கேக்க வெக்கப்படாதீங்க, நல்ல மனிசர் எண்டா எழுதித் தர யோசிக்க மாட்டார். காசையும் பேங்கால போடுங்க. பிரச்சின வந்தா வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்கு ஓசியில ஆலோசனை சொல்ற சேவை ஒவ்வொரு ஏரியாவுக்கும் இருக்கு. இங்கிலீஷ்ல கதைக்கத் தடுமாறினா 131 450க்கு அடிச்சி தமிழ் எண்டு சொல்லுங்க, மொழிபெயர்ப்பாளர் லைன்ல வருவார்.

இனி இடம். கென்சிங்டனுக்குக் கிட்ட கடல் எண்டா கூஜி, ரெண்ட்விக் பக்கம்தான். வடிவான இடம், ஆனா படிக்க வாற புள்ளைக்கு அந்த வாடகை தாங்காது. நம்மட ஆக்கள் கூட இருக்கிறது மேற்குப் பக்கம், வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி எண்டு ஒரே ட்ரெயின் லைன்ல வரிசையா வரும், தமிழ்க் கடை, சிவப்பரிசி, கருவாடு எல்லாம் நடந்து போய் வாங்கலாம், மேய்ஸ் ஹில் முருகன் கோயிலும் கிட்ட. ஆனா அங்க இருந்து சென்ட்ரலுக்கு ட்ரெயின்ல வந்து, இறங்கி லைட் ரெயில் பிடிச்சி கெம்பஸுக்குப் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல போகும், போக ஒண்டு வர ஒண்டு. கிழமையில மூண்டு நாள் வகுப்பு எண்டா சமாளிக்கலாம். அஞ்சு நாளும் எண்டா ஹோம்புஷ், ஸ்ட்ரத்ஃபீல்ட் பாருங்க, வாடகை கொஞ்சம் கூடத்தான், ஆனா சென்ட்ரல் கால் மணித்தியாலத்துக்குக் கிட்ட, ஹோம்புஷ்லயும் நம்மட கடைகள் இருக்கு. பஸ், ட்ரெயினுக்குத் தட்டுற ஒப்பல் கார்ட்ல கிழமைக்கு 50 டொலருக்கு மேல வெட்டாது, ஸ்டூடன்ட் கழிவு கிடைக்கும் எண்டு நம்பி வராதீங்க, முழுக் காசுக்கே கணக்குப் போடுங்க.

கணக்கு எண்டா இப்பிடித்தான். படிப்பு நடக்கக்குள்ள ரெண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், 2025 ஜூலையில இருந்து ஆகக் குறைஞ்ச சம்பளம் மணித்தியாலத்துக்கு 24.95, அப்ப கிழமைக்கு வரிக்கு முந்தி 600க்குக் கிட்ட வரும். அதுல வாடகையும் பஸ் ட்ரெயினும் சேந்து பாதியத் தாண்டினா அந்த றூம விட்டுடுங்க. கரண்ட் பில் உள்ளுக்கா வெளியா எண்டும் கேளுங்க, ஜூன் ஜூலை குளிருக்குள்ள ஹீட்டர் போட்டா பில் நெஞ்சப் பிடிக்கும், இஞ்சத்தப் பழைய வீடுகள் குளிரத் தடுக்காது.

வெயிலும் சொல்லணும். கடற்காத்து மேற்குப் பக்கம் பெரிசா வந்து சேராது. இன்னும் மேற்கால பென்றித்ல 2020 ஜனவரி 4ஆம் திகதி 48.9 பாகை அடிச்சது, அண்டைக்கு வீசின காத்து நம்மட கச்சான் காத்த விட மோசம். பெப்ரவரியிலயும் சூடுதான், அதால றூம்ல மேற்கு பாத்த ஜன்னல் எண்டா ஃபேன் ஒண்டு வாங்குற காசையும் சேத்து யோசிங்க.

கடலுக்கு ஏங்குறது எனக்கு நல்லா விளங்குது. கடற்கரைக் காத்துல வளந்த ஆக்களுக்குக் கடல் இல்லாம ஒரு மாசம் இருக்கேலா, எனக்கும் முதல் ரெண்டு மாசம் நித்திரையில கல்லடி அலைச் சத்தம் கேக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு நாள்களில ஒப்பல் கார்ட்ல ஒரு நாள் முழுக்கச் சுத்தினாலும் 10 டொலருக்குள்ளதான் முடியும், க்ரொனுல்லாவுக்கு ட்ரெயின்லயே போகலாம், ஸ்டேஷன்ல இருந்து கொஞ்சத் தூரம் நடந்தா மணல். சிவப்பும் மஞ்சளும் கொடி நட்டிருப்பாங்க, அதுக்கு நடுவுல மட்டும் இறங்குங்க, பாசிக்குடா மாதிரி எண்டு நினைச்சி இறங்காதீங்க, இழுக்கும்.

நான் சனிக்கிழமைகளில வேலை இல்ல. வந்து இறங்கினதும் சொல்லுங்க, றூம் பாக்கப் போகக்குள்ள நானும் கூட வாறன்.