மின்சார ஹீட்டர் 100 சதவீதத் திறன் கொண்டது என்றால், சுற்றுச்சூழலுக்கும் நல்லதுதானே?

100 சதவீதம் என்பது பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்கு வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் தொடங்குகிறது. நீங்கள் கேட்கும் சுற்றுச்சூழல் கணக்கோ மின்நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ஹீட்டருக்குள் இருப்பது பெரும்பாலும் நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பிச் சுருள். மின்தடை மிகுந்த அந்தக் கம்பியில் பாயும் மின்னாற்றல் முழுவதும் வெப்பமாகிவிடும். விசிறி வைத்தது, பீங்கான் வைத்தது, எண்ணெய் நிரப்பியது என்று எந்த வகையை வாங்கினாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கிடைக்கும் வெப்பம் ஒரே அளவுதான். எண்ணெய் ஹீட்டரில் எண்ணெய் எரிவதும் இல்லை. சூட்டைப் பிடித்துவைத்து மெதுவாக விடுகிறது, அவ்வளவே. 'மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஹீட்டர்' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இப்போது மின்நிலையத்துக்குப் போவோம். நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மிச்சம் குளிர்விப்புக் கோபுரத்திலும் புகைபோக்கியிலும் போய்விடுகிறது. அங்கே ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயு வெளியேறும். அதே வெப்பத்தை வீட்டிலேயே இயற்கை எரிவாயு பாய்லரில் உண்டாக்கினால் 0.2 கிலோவைச் சற்றே தாண்டும். ஆக, நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் ஹீட்டர் எரிவாயுவை விட நாலைந்து மடங்கு மோசம். நார்வேயைப் போல நீர்மின்சாரம் நிறைந்த நாட்டில் அதே ஹீட்டர் கிட்டத்தட்டக் குற்றமற்றது.

ஹீட் பம்ப் வேறு சாதி. அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஏர் கண்டிஷனரைத் திருப்பிப் போட்டதுபோல, வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் கிடைப்பது சாதாரணம். ஆனாலும் முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றால் இதுவும் எரிவாயு பாய்லரிடம் தோற்றுவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எரிவாயு மின்நிலைய மின்சாரம் என்றாலே ஜெயித்துவிடும்.

குளிர் ஏற ஏற ஹீட் பம்பின் திறன் குறையும். ஈரமான குளிரில் வெளிப்பெட்டியின் தகடுகளில் உறைபனி படியும். அப்போது விசிறி நின்று, சுழற்சி தலைகீழாக மாறி, பெட்டியிலிருந்து ஆவி கிளம்பும். புதிதாக வாங்கியவர்கள் புகை என்று பதறுவார்கள். பனியை உருக்குகிறது, பயப்பட வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது ஹீட் பம்புக்குள் வெப்பத்தைச் சுமந்து ஓடும் குளிர்பதன வாயுவை. ஆர்-410ஏ என்ற வகை கசிந்தால், 100 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல 2,000 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். ஆர்-32 என்றால் சுமார் 675 மடங்கு. புரோபேன், அதாவது ஆர்-290, இவற்றின் பக்கத்திலேயே வராது. ஆனால் தீப்பற்றும் என்பதால் எவ்வளவு நிரப்பலாம் என்பதற்கு வரம்பு உண்டு. வாங்குவதற்கு முன் பெட்டியில் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டில் எந்த வாயு என்று பார்த்துவிடுங்கள்.