கேள்வி–பதில்: ஆண் வேடத்தில் ஒரு பெண்

கேள்வி: பெண்ணொருத்தி பையனாக வேடமிட்டு, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கு வருவதாகச் சரித்திரக் கதை ஒன்று எழுதி வருகிறேன். கூடவே படுத்துறங்கும் ஆண்களுக்குத் தெரியாமல் போகுமா, யாரும் நம்ப மாட்டார்கள் என்கிறார் என் அண்ணன். உண்மையில் அப்படி நடந்திருக்கிறதா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: நடந்திருக்கிறது, அதுவும் தமிழ் மண்ணிலேயே. இங்கிலாந்தின் வூஸ்டரில் 1723-இல் பிறந்த ஹன்னா ஸ்னெல், கைவிட்டு ஓடிப்போன கணவனைத் தேடிச் செல்வதற்காகச் சகோதரியின் கணவருடைய உடைகளையும் 'ஜேம்ஸ் கிரே' என்ற அவர் பெயரையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டு, கப்பற்படைச் சிப்பாயாகி, 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட படையில் இருந்தார். கோட்டைக்குள் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை அந்த முற்றுகையைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதிக்கொண்டிருந்த அதே நாட்கள் அவை.

தாடி முளைக்காததைச் சொல்லிச் சக வீரர்கள் அவரைப் பெண் பெயரிட்டுக் கேலி செய்தார்களே ஒழிய, உண்மையில் பெண்ணாக இருக்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை. அக்காலக் கப்பல்களில் மீசை அரும்பாத பையன்கள் பலர் இருந்தனர். உடுத்திய உடையே ஆளை ஆணென்றும் பெண்ணென்றும் காட்டியது. அவர் வரலாறாக 1750-இல் வெளிவந்த நூலின்படி, கால்களில் பட்ட குண்டுக் காயங்களை மருத்துவரிடம் காட்டிய ஹன்னா, தொடையிடுக்கில் பாய்ந்த குண்டை மட்டும் மறைத்து, அங்கிருந்த இந்தியப் பெண் ஒருத்தி கொண்டுவந்த மருந்தின் உதவியால் தாமே அகற்றினாராம். விற்பனைக்காக எழுதப்பட்ட அந்நூலில் மிகை உண்டு; ஆனால் புதுச்சேரியில் அவர் காயம்பட்டதைச் லண்டனில் முன்னாள் படைவீரர்களைப் பராமரித்த செல்சி இல்லத்தின் ஓய்வூதியப் பதிவேடும் குறிக்கிறது. 1750-இல் நாடு திரும்பி உண்மையை வெளியிட்ட பிறகு, ஹன்னாவுக்கு ஓய்வூதியம் கிடைத்தது.

ஆகவே உங்கள் அண்ணனின் ஐயத்துக்கு ஹன்னாவே பதில். என் கவலை வேறு. பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை 1786-இல் நிறுவிய பிரான்சிஸ் லைட், சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆட்களைக் கொண்டுவருவதாக 1794-இல் எழுதினார். அந்தக் கூட்டத்தில் புதுப் பையன் ஒருவன் கலந்துவிடுவது எளிது. ஆனால் மூட்டை சுமக்க வந்தவர்களில் பலர் இடுப்பு வேட்டியோடு, மேலுக்குத் துணியின்றி வேலை செய்தவர்கள். ஹன்னாவுக்குச் சிப்பாயின் தடித்த மேலங்கி துணை நின்றது. உங்கள் நாயகிக்கு அது இல்லை. அவளைச் சுமைகூலியாக்காமல், நீண்ட அங்கி அணிந்து கணக்கு எழுதும் நாகூர் மரக்காயர் வீட்டுப் பையனாக்கிவிடுங்கள். பினாங்கின் சூலியா தெருக் கடையில் கணக்கேட்டோடு உட்கார்ந்திருப்பவனைச் சட்டையைக் கழற்றச் சொல்ல யாருக்கும் காரணமில்லை. பயமெல்லாம் கிணற்றடியில் குளிக்கும்போதும், காய்ச்சலில் விழுந்து வைத்தியர் வரும்போதும்தான். கதையில் வாள்சண்டை இருந்தால் அதைக் குறைத்து, அந்த இரண்டு இடங்களையும் விரிவாக எழுதுங்கள்.