மோஷியில் மகன் ஒட்டவில்லை என்று கேட்ட சகோதரிக்கு

சகோதரி, ஸ்தோத்திரம். ஊழியத்துக்காகத் தான்சானியா வந்த பிறகு நீங்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பதாகவும், பத்து வயது மகன் ஊருக்குப் போகலாம் என்று அழுவதாகவும் எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் கனத்துவிட்டது.

முதலில் மகனைப் பாருங்கள். ஆங்கிலப் பள்ளியானாலும் மைதானத்தில் பிள்ளைகள் பேசுவது அந்நாட்டு மொழியான சுவாஹிலிதான். மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பந்து விளையாட விடுங்கள். வகுப்பில் வராத பேச்சு அங்கே வந்துவிடும். பெரியவர்களைப் பார்த்தால் 'ஷிகமோ' என்று வணங்கச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் 'மரஹபா' என்று முகம் மலர்வார்கள். நீங்களும் அவசரமில்லாமல் நின்று நலம் விசாரியுங்கள், அங்கே அதுதான் மரியாதை.

சுவாஹிலியில் மணியைக் காலை ஆறிலிருந்து எண்ணுவார்கள். 'மூன்று மணி' என்றால் ஒன்பது, கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்புறம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே மலேரியா பரிசோதனை. இதில் தாமதமே வேண்டாம்.

1893இல், உங்கள் மோஷி இருக்கும் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்துக்கு வந்த ஜெர்மன் லுத்தரன் ஊழிய அமைப்பான லைப்சிக் மிஷன், அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தமிழ்நாட்டில் ஊழியம் செய்தது. அங்குள்ள லுத்தரன் சபைப் பெரியவர்களிடம், அந்த மிஷன் ஊழியம் செய்த நம் தரங்கம்பாடியைப் பற்றிப் பேச்சைத் தொடங்குங்கள். நீங்கள் அங்கே முழு அந்நியர் இல்லை.

மகனுடைய ஆசிரியரிடம் பேசிவிட்டீர்களா? என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.