பொது நிரலுக்கு யார் பொறுப்பு?

வணக்கம் அண்ணா,

எங்கள் கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் மூன்று குழுக்களும் பயன்படுத்தும் ஒரு லைப்ரரி இருக்கிறது. அதை எழுதியவர்தான் இன்றும் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறார். புதிதாக வந்த குழு அதற்கு வேறொரு நிரல் மொழியில் ஓர் உறை, அதாவது அந்த மொழியிலிருந்து லைப்ரரியைக் கூப்பிட உதவும் இடைநிரல், எழுதியது. "உடைந்தால் என் தலையில்தான் விழும்" என்று அவர் மறுக்கிறார். "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள் இவர்கள். யார் பக்கம் நியாயம்?

பெயர் வேண்டாம் என்ற வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இதே தகராறு 2025 தொடக்கத்தில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் நடந்தது. சாதனங்கள் நினைவகத்தை நேரடியாக அணுக உதவும் டிஎம்ஏ பகுதி சி மொழியில் இருக்கிறது. ரஸ்ட் என்ற புதிய மொழியில் டிரைவர் (சாதனங்களை இயக்கும் நிரல்) எழுதுபவர்கள் ஆளுக்கொன்றாக எழுதிக்கொண்டிருக்காமல், அதற்கு ஒரே உறையாகச் செய்து, தனி ஃபோல்டரில் வைத்து, பராமரிப்பும் எங்களுடையது என்றார்கள். டிஎம்ஏ மெயின்டெய்னர், அதாவது அந்தப் பகுதியைப் பராமரிப்பவர், கிறிஸ்டோஃப் ஹெல்விக் ஒப்பவில்லை, இரண்டு மொழிகள் கலந்தால் கெர்னலையே பராமரிக்க முடியாமல் போகும் என்பது அவர் கவலை. பிப்ரவரியில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியதன் சாரம் இது: ரஸ்ட் பிடிக்காவிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம், ஆனால் உங்கள் நிரலை யார் பயன்படுத்தலாம் என்பதை நீங்கள் முடிவுசெய்ய முடியாது.

எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஆனால் லைப்ரரியை எழுதிய உங்கள் நண்பரின் பயம் வீண் பயமில்லை, எத்தனையோ திட்டங்களில் "பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னவர்கள் ஆறு மாதத்தில் காணாமல் போயிருக்கிறார்கள். அதனால் வாய்வார்த்தையில் விடாதீர்கள், உறையைத் திட்டத்தில் சேர்ப்பதற்கு (மெர்ஜ்) முன்பே எழுத்தில் வாங்குங்கள். கெர்னலில் இதற்கென்றே ஒரு கோப்பு இருக்கிறது. எந்த ஃபோல்டருக்கு யார், அவர் சம்பளத்துக்குப் பார்க்கிறாரா, எப்போதாவது நேரம் கிடைத்தால் பார்க்கிறாரா, இல்லை ஆளே இல்லையா என்பது வரை அதில் இருக்கும். உங்கள் நண்பர் லைப்ரரியில் எதையாவது மாற்றி உறை உடைந்தால், சரிசெய்வது உறைக்காரர்கள் வேலை, அதுவரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது "தனியாளாக" என்ற சொல்தான். ஹெல்விக் அந்த மாதமே டிஎம்ஏ பொறுப்பிலிருந்து விலகினார். பட்டியலில் ஏற்கெனவே இன்னொரு மெயின்டெய்னரும் இருந்ததால் அந்தப் பகுதி ஆளில்லாமல் நிற்கவில்லை. அதற்காக அவசரப்பட்டு யாரையாவது சேர்த்துவிடவும் கூடாது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் திட்டத்தில் களைத்துப்போயிருந்த ஒற்றை மெயின்டெய்னரை 2022-இல் முகம் தெரியாத சிலர் நச்சரித்தார்கள், பொறுமையாக பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பிக்கொண்டிருந்த ஒருவர் கைக்குப் பொறுப்பு போனது, 2024 மார்ச்சில் அதற்குள் வெளியாள் ரகசியமாக நுழைய ஒரு கள்ளவாசல் இருப்பது தெரியவந்தது.

ஆகவே இரண்டாவது ஆளை உங்கள் நண்பரே தேர்ந்தெடுக்கட்டும், யாரும் அவரை அவசரப்படுத்த வேண்டாம். யாருடைய பேட்சை ரிவ்யூ செய்யும்போது அவருக்கு நிம்மதியாக இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். அது அந்தப் புதுக் குழுவில் ஒருவராகவே இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.